மாவினபைலில் மூன்று அப்பிகள்

ஒரு ஆளைப் பற்றிப் பாதி தெரிந்துவிட்டால், மீதி தெரியும்வரை ஹில்டா ரேகோவுக்குச் சோறு இறங்காது. துளு பேசும் கடற்கரை ஊரான பாதெபெட்டுவில் இருந்த ஒரே வங்கிக் கிளையில் காசாளர் கூண்டுக்குள் அவள் உட்கார்ந்திருந்த காலமெல்லாம் அப்படித்தான். நோட்டை எண்ணி நீட்டும்போதே, "இவ்வளவு எடுக்கறீங்களே, கூரை மாத்தறீங்களா?" என்று கேட்டுவிடுவாள். கூரை இல்லை, மகளுக்குப் பார்த்திருக்கிறோம் என்றால், மாப்பிள்ளை எந்த ஊர், துபாயா பம்பாயா, அவன் அம்மா எப்படி என்று வரிசையாக வரும். பின்னால் நிற்கிறவர்கள் முணுமுணுப்பார்கள். ஆனால் கதை சுவாரசியமாக இருந்தால் அவர்களும் காதை நீட்டுவார்கள்.

"பாயம்மாகிட்ட காசு எடுக்கணும்னா முதல்ல கதையை டெபாசிட் பண்ணணும்" என்று கடைத்தெருவில் கேலி செய்வார்கள். அங்கே கிறிஸ்தவப் பெண்களைப் பாயம்மா என்றுதான் கூப்பிடுவார்கள். ஹில்டாவுக்கு அதில் கோபம் வந்ததில்லை. தான் கேட்பதை விசாரிப்பு என்று அவள் நினைக்கவில்லை, அக்கறை என்றுதான் நினைத்தாள். பாதி நேரம் அது அக்கறையாகவும் இருந்தது. ஒருமுறை மரக்கடைக்காரரின் அப்பா போனில் யாரோ மிரட்டுகிறார்கள் என்று நடுங்கிக்கொண்டு வந்து, இருந்ததையெல்லாம் ஏதோ ஒரு கணக்குக்கு அனுப்பச் சொன்னார். யார், எதற்கு, எந்த ஊர் என்று ஹில்டா குடைந்த குடைச்சலில்தான் அது மோசடி என்று தெரிந்தது. அதிலிருந்து அவள் கேள்விகளுக்கு ஊரில் ஒரு மரியாதையும் சேர்ந்துகொண்டது.

ஓய்வு பெற ஒரு வருஷம் இருக்கும்போது அவளைக் கூண்டிலிருந்து வெளியே எடுத்து, ஜன்னலோரம் ஒரு மேஜையில் உட்கார வைத்தார்கள். அப்போதுதான் தலைமை அலுவலகத்திலிருந்து அந்த உத்தரவு வந்தது. பத்து வருஷத்துக்கு மேல் யாரும் தொடாத கணக்குகளின் சொந்தக்காரர்களைத் தேடிக் கண்டுபிடிக்க வேண்டும். கிடைக்காவிட்டால் அந்தப் பணம் ரிசர்வ் வங்கியின் பொது நிதிக்குப் போய்விடும். அப்புறமும் கேட்டு வாங்கலாம், ஆனால் அது ஒரு பெரிய அலைச்சல்.

மேலாளர் ஸ்வப்னில் போர்க்கர் நாக்பூரிலிருந்து மாற்றலாகி வந்தவன், ஹில்டாவின் மகன் வயதுதான் இருக்கும். கன்னடம் அரைகுறை, துளு சுத்தமாகப் புரியாது. அவன் கடிதங்களை அனுப்பச் சொன்னான். உறைமேல் வங்கியின் பெயர் இருக்கக்கூடாது, வெற்று உறைதான் வேண்டும் என்று பிடிவாதமாகச் சொன்னான். இதென்ன கிறுக்குத்தனம் என்று ஹில்டாவுக்குத் தோன்றியது. பாதிக் கடிதங்கள் 'ஆள் இல்லை' என்று திரும்பி வந்தன.

"திரும்பி வந்ததுக்கெல்லாம் யாராவது நேர்ல போகணும், மேடம். யார் போறது?"

"வேற யார்? நான்தான்" என்றாள் ஹில்டா, அவன் கேட்டு முடிப்பதற்குள்.

அப்படி ஒரு வேலைக்குச் சம்பளமும் தருகிறார்கள் என்பதை அவளால் நம்பவே முடியவில்லை. சனிக்கிழமை மத்தியானங்களில் ஸ்கூட்டரை எடுத்துக்கொண்டு கிளம்பிவிடுவாள். மூல்கியில் ஒருவர், தன் கல்யாணத்துக்கு முன்னால் ஆரம்பித்த கணக்கு அது என்று சொல்லிவிட்டு மனைவியைப் பார்த்துச் சிரித்தார். இன்னொருவர் இறந்து போயிருந்தார். அவர் தங்கைக்கு அந்தப் பணம் மழைக்காலம் முடிவதற்குள் போய்ச் சேர்ந்தது. ஒவ்வொரு சனிக்கிழமையும் ஒரு கதை முழுசாகி வீட்டுக்கு வந்தது. குவைத்திலிருந்து திரும்பி வந்து வீட்டோடு இருந்த கணவர் வால்டர், காப்பியை ஆற்றிக்கொண்டே, "இன்னிக்கு யாரு?" என்று கேட்பார்.

பட்டியலில் ஹில்டாவை விடாமல் அரித்தது ஒரே பெயர்தான். அப்பி பூஜார்த்தி, மாவினபைல், பீடி சுற்றும் தொழில்.

பழைய அட்டையில் ஒரு கட்டைவிரல் ரேகையும் ஒரு புகைப்படமும் இருந்தன. நாற்பது வயது மதிக்கத்தக்க ஒரு பெண். அகன்ற நெற்றி, இடது புருவத்தை வெட்டிக்கொண்டு ஒரு தழும்பு. கேமராவைப் பார்க்காமல், யாரோ கூப்பிட்ட மாதிரி பக்கவாட்டில் பார்த்துக்கொண்டிருந்தாள். வீடு வீடாக வந்து சில்லறை வசூலிக்கும் பிக்மி ஏஜெண்டிடம் வருஷக்கணக்காக விடாமல் கட்டியிருக்கிறாள். திடீரென்று நின்றுவிட்டது. ஆனால் ஒரு பைசா எடுக்கவில்லை. மொத்தம் எவ்வளவு என்று கேட்காதீர்கள். ஹில்டா அதை இன்றுவரை யாரிடமும் சொன்னதில்லை.

'கட்டுறதை நிறுத்தினா எடுக்கணும். எடுக்கலைன்னா கட்டணும். ரெண்டும் இல்லாம இவ எங்க போனா?' என்று ஹில்டாவின் மனசு சுற்றிச் சுற்றி வந்தது. இறந்திருந்தால் வீட்டிலிருந்து யாராவது வந்திருப்பார்கள். பம்பாய்க்குப் போயிருந்தால் எடுத்துக்கொண்டு போயிருப்பாள்.

அடுத்த சனிக்கிழமை மாவினபைலுக்குப் போனாள். முகவரியில் இருந்த வீடு இடிந்து, அந்த இடத்தில் பாக்குக் கன்று நட்டிருந்தார்கள். முக்கில் ஒரு கடை. பெஞ்சில் நாலைந்து பேர் உருண்டை உருண்டையான கோளி பஜ்ஜியும் டீயுமாக உட்கார்ந்திருந்தார்கள்.

"அப்பி பூஜார்த்தி வீடு எது?"

"எந்த அப்பி?" என்றார் கடைக்காரர். "கிணத்தடி அப்பியா, மில்லு அப்பியா, தேஜப்பனோட அக்கா அப்பியா? இங்க மூணு அப்பி இருக்காங்க, பாயம்மா."

"பீடி சுத்தற அப்பி."

"மூணு பேருமே பீடிதான் சுத்தறாங்க."

அந்த இடத்தில்தான் ஹில்டாவின் வாய் அவளை முந்திக்கொண்டது. "நம்ம பேங்க்ல ரொம்ப நாளா ஒரு கணக்கு வச்சிருக்காங்களே, அந்த அப்பி."

பெஞ்சில் மெல்லும் சத்தம் நின்றது. பஜ்ஜியை வாயருகே கொண்டுபோன ஒருவர் அதை அப்படியே கீழே வைத்தார்.

"பேங்க்லயா? எந்த அப்பிக்குடா பேங்க்ல காசு?"

"கிணத்தடிக்கு எங்க இருக்கப் போகுது, அவ எங்கிட்ட சர்க்கரைக்குக் கடன் வச்சிருக்கா."

"பாயம்மாவே வண்டி எடுத்துக்கிட்டு வந்திருக்காங்கன்னா சின்னத் தொகையா இருக்குமாடா?"

ஹில்டா அவசரமாகப் பேச்சை மாற்றப் பார்த்தாள். முடியவில்லை. அவள் ஸ்கூட்டருக்கு முன்னால் செய்தி ஓடிவிட்டது. கிணத்தடி அப்பி வாசலிலேயே கைகூப்பி, "நமக்கெல்லாம் பேங்கு எங்கம்மா?" என்றாள். மில்லு அப்பி இடுப்பில் கைவைத்து, "இருந்துச்சுன்னா அது நான்தான். எழுதிக்கோங்க" என்றாள். இரண்டு பேர் புருவத்திலும் தழும்பு இல்லை. மூன்றாவது வீட்டில் தேஜப்பனின் மனைவி மட்டும்தான் இருந்தாள். நாத்தனார் டிப்போவுக்குப் பீடி கொடுக்கப் போயிருக்கிறாள் என்றாள். நாற்காலி போட்டு, இளநீர் வெட்டிக் கொடுத்துவிட்டு, "எவ்வளவு இருக்கும் பாயம்மா?" என்று மெதுவாகக் கேட்டாள்.

ஹில்டா இளநீரைக் கீழே வைத்துவிட்டு வண்டிச் சாவியை எடுத்தாள்.

திங்கட்கிழமை கிளையின் கதவு திறக்கும்போதே மில்லு அப்பி பட்டுப்புடவை கட்டி வந்து உட்கார்ந்திருந்தாள். அட்டையில் உள்ள தாயார் பெயர் என்னவென்று கேட்டதும், "எங்கம்மா பேரு இருந்தா இருக்கு, இல்லாட்டி போகுது" என்று சிரித்துக்கொண்டே எழுந்து போனாள். அதில் ஒன்றும் பிரச்சினை இல்லை. அவளுக்குப் பின்னால் வந்தவன்தான் தேஜப்பன். காக்கிச் சட்டை, ஆட்டோ ஓட்டும் கை. ரேஷன் கார்டை மேஜைமேல் விரித்து வைத்தான்.

"எங்க அக்கா. ஒரே வயித்துல பொறந்தவங்க. பதினஞ்சு இருவது வருஷமா எங்கூடத்தான் இருக்கா. இருக்கறதைச் சொல்லிடுங்க பாயம்மா, போயிட்டே இருக்கேன்."

"யார் கணக்கைப் பத்தியும் யார்கிட்டயும் பேச முடியாது, தேஜப்பா."

"முந்தாநேத்து நீங்களே கடையில பேசினீங்களே!"

ஹில்டா ரேஷன் கார்டை அவன் பக்கமாகத் தள்ளி வைத்தாள்.

"நான் என்ன, தின்னுடவா போறேன்?" என்றான் தேஜப்பன். அவன் குரலில் கெட்ட எண்ணம் இல்லை, அவசரம்தான் இருந்தது. "ஆட்டோவுக்கு எஞ்சின் போயிடுச்சு. வீட்டுல காசு தூங்கிட்டிருக்குன்னு தெரிஞ்சா மனுஷன் சும்மா இருப்பானா? நீங்க இருப்பீங்களா?"

உள்ளேயிருந்து போர்க்கர் வந்தான். தனக்குத் தெரிந்த கன்னடத்தை எல்லாம் கூட்டிச் சேர்த்தான்.

"அண்ணா. இருக்குன்னு சொல்ல முடியாது. இல்லைன்னு சொல்ல முடியாது. உன் கணக்கை நாளைக்கு வேற ஆள் கேட்டா, அப்பவும் சொல்ல மாட்டேன். சரியா?"

தேஜப்பன் ரேஷன் கார்டை மடித்துக்கொண்டு, "எங்கணக்குல என்ன இருக்கு, கேக்கறதுக்கு?" என்று சொல்லிவிட்டுப் போனான்.

போர்க்கர் ஹில்டாவின் மேஜைக்கு எதிரே உட்கார்ந்தான். "மேடம், உறைமேல பேர் வேண்டாம்னு எதுக்குச் சொன்னேன்?"

அவள் கடையில் நடந்ததை மறைக்காமல் சொன்னாள். திட்டுவான் என்று எதிர்பார்த்தாள். அவன் திட்டவில்லை. தன் ஊரில் ஒரு பெண்ணின் சேமிப்பைப் பற்றி வங்கியில் யாரோ அவள் புருஷனிடம் தற்செயலாகச் சொல்லிவிட்டார்கள், அதற்குப் பிறகு அவள் அந்த வங்கிப் பக்கமே வரவில்லை என்று மட்டும் சொன்னான். அந்தப் பெண் யார், புருஷன் என்ன செய்தான் என்று ஹில்டாவின் நாக்கு நுனிவரை வந்தது. கேட்கவில்லை.

அந்த வாரத்தில் ஒரு காலை மீன் சந்தையில் அவள் அயிலையின் செவுளைத் தூக்கிப் பார்த்துக்கொண்டிருந்தாள். பக்கத்தில் குனிந்து மத்தியைப் பொறுக்கிக்கொண்டிருந்த கிழவி, தலையைத் திருப்பாமல் கேட்டாள்:

"நீங்கதானே என்னைத் தேடினது?"

ஹில்டா திரும்பினாள். முடி முழுக்க வெளுத்துப்போயிருந்தது, கன்னம் ஒட்டியிருந்தது. ஆனால் அதே நெற்றி, புருவத்தில் அதே தழும்பு.

"அப்பி அக்கா!"

"சத்தம் போடாதீங்க. மீனைப் பாருங்க, என்னைப் பாக்காதீங்க."

இருவரும் மீனைப் பார்த்தார்கள். மீன்காரிக்கு எரிச்சல் வந்தது. "வாங்கறதுன்னா வாங்குங்க, ஜாதகமா பாக்கறீங்க?"

அப்பி மத்திக்குக் காசு கொடுத்துவிட்டுப் பனிக்கட்டிப் பெட்டிகளுக்குப் பின்னால் நடந்தாள். ஹில்டா ஒன்றும் வாங்காமலேயே பின்னால் போனாள்.

"உங்ககிட்ட நான் காசை மட்டும் குடுக்கல, தெரியுமா?" என்றாள் அப்பி. குரல் தாழ்ந்துதான் இருந்தது, ஆனால் அதில் இருந்த சூடு ஹில்டாவின் முகத்தில் அடித்தது. "என் வாயையும் சேர்த்து உங்க பெட்டியிலதான் பூட்டி வச்சேன். கூடப் பொறந்தவன்கிட்ட சொல்லல, கும்புடற தெய்வத்துக்கிட்ட சொல்லல. நீங்க போயி டீக்கடையில திறந்து விட்டுட்டீங்களே."

"தப்புதான் அக்கா."

"இப்ப என்ன நடக்குது தெரியுமா வீட்டுல? முந்தாநாள் வஞ்சிரம் வாங்கினாங்க. நடுத்துண்டு என் தட்டுக்கு வந்துச்சு. இத்தனை வருஷத்துல எனக்குத் தலையும் வாலும்தான். நேத்து தம்பி பொண்டாட்டி என் காலுக்கு எண்ணெய் தேய்க்கட்டுமான்னு கேக்கறா. எனக்குப் பயமா இருக்கு, பாயம்மா!"

ஹில்டாவுக்குச் சிரிப்பு பொத்துக்கொண்டு வந்தது. அடக்கிக்கொள்ள உதட்டைக் கடித்தாள். அதைப் பார்த்த அப்பிக்கும் வாய் ஓரம் துடித்தது.

"ஏன் அக்கா கட்டறதை நிறுத்தினீங்க?"

"பழைய வீடு இடிஞ்சதும் தம்பி வீட்டுக்கு வந்துட்டேன். பாஸ்புக்கை அங்க எங்க வைக்கறது? அரிசிப் பானையில வச்சா தம்பி பொண்டாட்டி பாத்துடுவா. வெந்நீர் அடுப்புல போட்டுட்டேன். ஏஜெண்டு வீட்டு வாசலுக்கு வந்தாலும் தெரிஞ்சுடும். வராதேன்னுட்டேன்."

"பாஸ்புக்கை எரிச்சீங்களா? அப்புறம் காசு?"

"காசு எங்க போகும்? அதான் பேங்கு இருக்கே" என்றாள் அப்பி, இது என்ன கேள்வி என்பது போல.

ஹில்டா அந்த வாக்கியத்தை வெகுநேரம் மனசில் வைத்துப் புரட்டிக்கொண்டிருந்தாள். தான் இத்தனை வருஷம் வேலை பார்த்த கட்டடத்தை ஒருத்தி அவ்வளவு நம்பியிருக்கிறாள் என்பது அவளுக்கு வியப்பாகவும் இருந்தது, கூச்சமாகவும் இருந்தது. வருஷம் முடிவதற்குள் ஆதார் நகலும் புதுப் படமும் விரல் ரேகையும் கொடுத்தால்தான் கணக்கு உயிர் பெறும் என்று விளக்கினாள். அப்பி தலையை ஆட்டினாள்.

"நான் பேங்கு படி ஏறினா சாயங்காலத்துக்குள்ள மாவினபைல் முழுக்கத் தெரியும். மில்லு அப்பி பட்டுப்புடவையில போனதையே இன்னும் பேசிக்கிட்டிருக்காங்க."

"அந்தக் காசு எதுக்குன்னுதான் அக்கா..." என்று ஹில்டாவின் வாய் தானாக ஆரம்பித்தது.

"உங்க மீனைப் பூனை இழுக்கப் போகுது" என்று சொல்லிவிட்டு அப்பி நடையைக் கட்டினாள். ஹில்டாவின் கையில் மீனே இல்லை.

வழியைக் கண்டுபிடித்தது போர்க்கர்தான். நவம்பர் மாதம் வந்துகொண்டிருந்தது. தபாலாபீஸில் பென்ஷன் வாங்கும் பீடித் தொழிலாளிகள் எல்லோரும், உயிரோடு இருக்கிறோம் என்று வருஷத்துக்கு ஒரு தடவை வங்கிக்கு வந்து விரல் வைத்துக் காட்டும் மாதம். கிளை கொள்ளாமல் வராண்டாவில் வரிசை நிற்கும். அந்தக் கூட்டத்தில் ஒரு அப்பி வந்ததையும் போனதையும் யார் கவனிக்கப் போகிறார்கள்?

அப்பி வந்தாள். அதுவும் எப்படி? தேஜப்பனே தன் ஆட்டோவில், கடன் வாங்கி எஞ்சினைச் சரி பண்ணிவிட்டு, அக்காவோடு இன்னும் மூன்று பெண்களை ஏற்றிக்கொண்டு வந்து இறக்கினான். வாசலிலேயே நின்றான். வெற்றிலையும் புகையிலைத்தூளும் மணக்கும் வரிசையில் அப்பி நகர்ந்து வந்து ஹில்டாவின் முன்னால் உட்கார்ந்தாள். இருவரும் முன்பின் பார்த்த மாதிரியே காட்டிக்கொள்ளவில்லை.

"தாயார் பேர்?"

"கொரபொலு."

"பழைய வீட்டுக்கு என்ன பேர் சொல்வாங்க?"

"தோட்டத மனெ."

"அப்ப யாரு அறிமுகக் கையெழுத்துப் போட்டது?"

"டிப்போ முதலாளி சேசப்பண்ணன். போயி சேர்ந்துட்டாரு."

எல்லாம் பொருந்தின. விரலில்தான் சிக்கல். வருஷக்கணக்காகப் பீடி இலையைச் சுருட்டிச் சுருட்டிக் கட்டைவிரல் வழவழவென்று தேய்ந்து போயிருந்தது. இயந்திரம் ஏற்கவே இல்லை. துடைத்துப் பார்த்தாள், எலுமிச்சை தேய்த்துப் பார்த்தாள். கடைசியில் மோதிர விரல் ஏறியது, பென்ஷனுக்கு ஒரு தடவை, கணக்குக்கு ஒரு தடவை. புதுப் படத்தை ஹில்டா மேஜைக்கு மேலாகவே எடுத்தாள். பின்னால் நின்றவர்களுக்கு எல்லாம் ஒரே வேலையாகத்தான் தெரிந்தது.

"உங்களுக்கு அப்புறம் இது யாருக்கு?" என்று ஹில்டா குரலைத் தாழ்த்திக் கேட்டாள். அதைக் கேட்டே ஆகவேண்டும், வேலையின் பகுதி அது.

அப்பி முன்னால் சாய்ந்து ஒரு பெயர் சொன்னாள். தேஜப்பனின் பெயர் இல்லை, அவன் மனைவி பெயர் இல்லை, அந்த வீட்டில் யாருடைய பெயரும் இல்லை. ஒரு பெண்ணின் பெயர். ஊரும் தூரத்து ஊர்.

ஹில்டாவின் காது மடல் சூடானது. யார்? எப்படி உறவு? எப்போது போனாள்? ஒன்றின்மேல் ஒன்றாக ஏறிவந்த கேள்விகளையெல்லாம் விழுங்கிவிட்டு, "பேரை இன்னொரு தடவை நிதானமாச் சொல்லுங்க, தப்பாப் போடக்கூடாது" என்றாள். எழுதினாள். வாய்விட்டுப் படிக்காமல் காகிதத்தைத் திருப்பிக் காட்டினாள். அப்பிக்குப் படிக்கத் தெரியாது. ஆனாலும் அந்த எழுத்துகளை உற்றுப் பார்த்துவிட்டுத் தலையசைத்தாள்.

வாசலில் தேஜப்பன், "ஏன் பாயம்மா அக்காவுக்கு மட்டும் இவ்வளவு நேரம்?" என்று கேட்டான்.

"உங்க அக்கா விரலைப் பாரு. அதுல ரேகையே இல்ல" என்றாள் ஹில்டா. அதில் பொய் எதுவும் இல்லை.

தேஜப்பன் அக்காவின் கையைப் பிடித்துத் திருப்பிப் பார்த்தான். அவன் அதை முன்பு எப்போதும் பார்த்ததில்லை போலிருந்தது. அந்தக் கையைப் பிடித்தே அவளை ஆட்டோவில் ஏற்றிக்கொண்டு போனான்.

கிறிஸ்துமஸ் நெருங்குவதற்குள் மாவினபைலில் பேச்சு அடங்கிவிட்டது. வங்கிக்காரர்கள் தேடியது வேறு ஊர் அப்பியை என்று யாரோ சொல்ல, எல்லோரும் அதையே பிடித்துக்கொண்டார்கள். வால்டர் மட்டும் இரண்டு மூன்று தடவை கேட்டுப் பார்த்தார். "அந்த பீடிக்காரம்மா கதை என்ன ஆச்சு?" ஹில்டா நீர் தோசைக்கு மாவு கரைத்துக்கொண்டே, "உங்களுக்கெதுக்கு?" என்றாள். அந்த வீட்டில் அவள் அப்படிச் சொல்லி அவர் கேட்டதே இல்லை.

மே மாதம் ஹில்டா ஓய்வு பெற்றாள். மழை பிடித்துக்கொண்ட பிறகு, மீன் வரத்துக் குறைந்த ஒரு நாள், சந்தைக் கொட்டகையில் நனையாமல் ஒதுங்கி நின்றபோது அப்பி பக்கத்தில் வந்து நின்றாள்.

"வேலையை விட்டுட்டீங்களாமே."

"விட்டுட்டேன்."

"அப்ப இனிமே நீங்க பேங்கு இல்ல. அன்னிக்கு ஏதோ கேக்க வந்தீங்க. கேளுங்க."

ஹில்டாவிடம் இரண்டு கேள்விகள் இருந்தன. காகிதத்தில் தன் கையால் எழுதிய அந்தப் பெயரைத் தொடக்கூடாது என்று தோன்றியது. அது அவளுக்கு வேலையால் தெரிந்தது, அப்பி தானாக நட்பில் சொன்னது இல்லை.

"அந்தக் காசு எதுக்கு அக்கா?"

"ஓடிப்போறதுக்கு" என்றாள் அப்பி. "தம்பி வீட்டுக்கு வந்த புதுசுல தினமும் நினைப்பேன். நாளைக்கு பஸ் ஏறிடணும். ஒரு அறை எடுத்துக்கிட்டு தனியா இருக்கணும். யாரு மூஞ்சியையும் பார்த்துச் சோறு வாங்கக்கூடாது."

"ஏன் போகல?"

"போறதுக்குக் காசு இருந்துச்சே, பாயம்மா. எப்ப வேணாலும் போலாம்னு இருந்தா, இன்னிக்கே போகணும்னு தோணல. தம்பி பொண்டாட்டி ஏதாவது சொன்னா மனசுக்குள்ள சிரிச்சுக்குவேன். நீ பேசுடி, எங்கிட்ட பஸ் காசு இருக்கு."

மழை கொஞ்சம் விட்டது. மீன்காரி கூடையிலிருந்து தார்ப்பாயை விலக்கினாள். கிழங்கான் இருந்தது, வாங்க முடியாத விலையில். அப்பி குனிந்து ஒரு மீனைத் தூக்கிப் பார்த்து, இது நேற்றைய சரக்கு என்று சண்டை பிடிக்க ஆரம்பித்தாள். ஹில்டா குடையைச் சாய்த்து அவள் தலைக்கும் சேர்த்துப் பிடித்துக்கொண்டாள்.